கணவாய்

சிலோயே தீவுக்கூட்டத்தில்
வாரம் மூன்றுமுறை மட்டும் படகு வரும் ஒரு தீவு.
நகராட்சிக் கிளையின் பின்னறையில்
விறகடுப்புக்கும் நகல் எந்திரத்துக்கும் நடுவே
ஒரு கறுப்புப் பெட்டி.
தீவு பார்க்கும் ஒவ்வொரு பக்கமும்
அதற்குள் நுழைந்துதான் வரவேண்டும்.
உள்ளே ஓடும் மென்பொருளுக்கு
யாரோ எங்கோ வைத்த பெயர் கணவாய்.
பத்துக் கை மீன்.
என் மொழியில் அதே சொல்
இரு மலைகளுக்கு இடையே போகும் வழி.
நெலிடா மான்சிய்யாவுக்கு இது தெரியாது.
அவளுக்குத் தெரிந்தது கணக்கு:
செயற்கைக்கோள் இறக்கித் தரும் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் காசு.
ஒருவர் கேட்டதை எடுத்து வைத்துக்கொண்டால்
அடுத்தவருக்காக வானம்வரை போகவேண்டாம்.

பதிவேட்டில் வரிக்கு வரி
கிடைத்தது, கிடைத்தது, கிடைத்தது.
நூற்றுக்கு அறுபத்திரண்டு.
மேயருக்கு அந்த எண்ணை
வண்ணத்தில் அச்சிட்டு அனுப்பியிருந்தாள்.

திங்கள் இரவு துறை அறிவித்தது: சிவப்பலை.
சிவப்பென்பது பெயருக்கு.
தண்ணீர் வழக்கம்போல் ஈய நிறம்தான்.
வடக்கு விரிகுடா மூடல்.
மட்டி எடுக்காதே, சிப்பி எடுக்காதே.
கொதிக்க வைத்தாலும் போகாது,
எலுமிச்சை பிழிந்தாலும் போகாது அந்த நஞ்சு.

செவ்வாய் காலை ஆறு பதினேழுக்கு
எராக்லியோ வென்சூர் கைப்பேசியில் பார்த்தபோது
வடக்கு விரிகுடா திறந்திருந்தது.
வெள்ளிக்கிழமை எடுத்து வைத்த திறப்பு.
கிடைத்தது.

மதியத்துக்குள் உதடு மரத்தது.
பிறகு நாக்கு.
பிறகு விரல்கள்.
கடற்படைப் படகு காஸ்ட்ரோவுக்குக் கொண்டுபோனது.
மூன்று நாள் ஓர் எந்திரம்
அவருக்காக மூச்சு விட்டது.

தீவு கடலைத் திட்டியது.
சால்மன் பண்ணைகளைத் திட்டியது.
துறையைப் பெயர் சொல்லியே திட்டியது.
பின்னறையை யாரும் திட்டவில்லை.

அன்றிரவு அவள் அமைப்புக் கோப்பைத் திறந்தாள்.
இரண்டே வரி.
ஒன்று, அந்தத் தளத்துக்கு ஒரு பெயர் சூட்டுவது.
மற்றது, இதை எடுத்து வைக்காதே.
தளத்தின் முகவரிக்கு முன்னால் ஒரு புள்ளி வேண்டும்,
விட்டால் அதன் கிளைகள் விதிக்குள் வராது.
ஒரு புள்ளி விட்டால் எழுத்தே வேறாகிவிடும்
மொழியில் எழுதுகிறவனுக்கு
அவள் மூன்றுமுறை சரிபார்த்தது புரிகிறது.

பிறகு படகு நேரம்.
ஓய்வூதியத் தேதி.
மருத்துவமனையின் காத்திருப்பு வரிசை.
கால்பந்தைச் சேர்க்கவில்லை.
தோற்ற செய்தி பத்து நிமிடம் பிந்தி வந்தால்
யாருக்கும் மூச்சு நின்றுவிடாது.

விடிந்ததும் பதிவேட்டைப் பார்த்தாள்.
கிடைக்கவில்லை.
கிடைக்கவில்லை.
ஒவ்வொரு முறையும் கேள்வி
வானம்வரை போய், நனைந்து, திரும்பி வந்தது.
அறுபத்திரண்டு ஐம்பத்தெட்டானது.
மேயருக்கு இந்த எண்ணை அனுப்பவில்லை.

பதிவேடு பத்து நாள்தான் நினைவில் வைத்திருக்கும்.
பதினோராம் நாள் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும்.
ஆறு பதினேழும் அதோடு போய்விடும்.
அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்,
எதற்காக என்று தனக்கே சொல்லாமல்.

ஒன்பதாம் நாள் எராக்லியோ வந்தார்,
காப்பீட்டுத் தாளை நகலெடுக்க.
"எப்படி இருக்கீங்க?"
"நல்லாயிருக்கேன்."
எல்லாருக்கும் கொடுத்துக் கொடுத்து
கைவசம் வைத்திருந்த பதில்.
நகல் எந்திரத்தை நிறுத்தினாள்.
"அன்னிக்கு நீங்க பார்த்த பக்கம் பழசு.
துறை அனுப்பினது இல்ல.
இதுலேருந்து வந்தது."

அவர் பெட்டியைப் பார்த்தார்.
குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.
வெளியே மழை படகுத்துறையின் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
கையை எடுக்கவில்லை.
"சூடா இருக்கா?" என்று கேட்டார்.
"எனக்குத் தெரியமாட்டேங்குது."